உள்ளார தள்ளி வெய்யிடா!

நாமக்கல்லில் சித்தப்பா வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிச்சோறு தின்ற மயக்கத்தில் அவர் ஈசிச்சேரில் சாய்ந்திருக்க, நான் கொண்டுபோன டிவிடி டீவியில் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்காக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பொறுத்துப் பார்த்தவர், "ஏங்கண்ணு, இதுல ஒண்ணுமே நடக்கலையே?" என்றார். "கொஞ்சம் இருங்க சித்தப்பா" என்றேன். இந்தப் படத்தை யாருக்குப் போட்டுக் காட்டினாலும் நான் சொல்கிற வசனம் அது.

சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல் லாரிப் பட்டறையில் இஞ்சின் வேலை பார்த்தவர். திரையில் ஸ்டான், யூஜின் என்று இரண்டு பேர் ஒரு பழைய கார் இஞ்சினைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மாடி வீட்டிலிருந்து செங்குத்தான படிக்கட்டு வழியாக, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, கையிலேயே தூக்கி இறக்குகிறார்கள். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரு பத்தாது. மூங்கில் போட்டுத் தூக்கோணும்." அவர்கள் எப்படியோ பிக்கப் வண்டி வரை கொண்டுவந்து, திறந்து கிடக்கும் பின்பலகை மேல் வைத்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளலாம் என்கிறான் ஸ்டான். விரல் நசுங்கிவிட்டது, இதுவே போதும், விழாது என்கிறான் யூஜின். வண்டி நிற்பதோ மேட்டில். சித்தப்பா எழுந்தே விட்டார்.

"டேய், உள்ளார தள்ளி வெய்யிடா! கவுறு போட்டுக் கட்டுடா!"

வண்டி கிளம்புகிறது. இஞ்சின் சரிந்து ரோட்டில் விழுகிறது. இரண்டு பேரும் இறங்கி வந்து பார்க்கிறார்கள். பிளாக் போச்சு. அழுகை இல்லை, சண்டை இல்லை, பின்னணியில் வயலின் இல்லை. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துவிடுகிறார்கள். வண்டியின் பின்பக்கத்திலிருந்து பார்க்கிற கேமராவில், நடுரோட்டில் கிடக்கும் அந்த இஞ்சின் சின்னதாகிக்கொண்டே போகிறது.

சித்தப்பா ரிமோட்டை எடுத்தார். அணைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

படத்தின் பெயர் 'கில்லர் ஆஃப் ஷீப்'. எடுத்தவர் சார்லஸ் பர்னெட். பெயரைக் கேட்டதும் கத்தியும் ரத்தமுமாக ஏதோ கொலைப்படம் என்று நினைத்துத்தான் நானும் நாலைந்து வருஷம் தொடாமல் வைத்திருந்தேன். நண்பர் ஒருவர் பிறந்தநாளுக்குக் கொடுத்த டிவிடி. மேஜை டிராயரில், காலாவதியான செக் புத்தகத்துக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவில் கிடந்தது. ஒரு ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்ததில் தூக்கம் கலைந்து, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று லேப்டாப்பில் போட்டேன். எண்பது நிமிஷப் படம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். விடிந்ததும் ஆபீசுக்குப் போய் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அன்று தொடங்கிய வியாதி, இன்னும் தீரவில்லை. கல்யாண வீட்டில், ரயிலில், பல் டாக்டருக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் என்று யார் மாட்டினாலும் சொல்லிவிடுவேன். வீட்டில் "ஆட்டுக்காரர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கதை என்று கேட்டால் இரண்டே வரி. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதி. ஸ்டான் என்கிற கறுப்பினத் தொழிலாளி ஆட்டுத்தொட்டியில் ஆடறுக்கும் வேலை செய்கிறான். ராத்திரி தூக்கம் வருவதில்லை. பெண்டாட்டி, மகன், ஒரு சின்னப் பெண். அவ்வளவுதான். இதில் 'அடுத்து என்ன' என்கிற கொக்கியே கிடையாது. ஆனாலும் ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க முடியாது.

பர்னெட் 1944இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்து, வாட்ஸில் வளர்ந்தவர். 1965 ஆகஸ்டில் ஆறு நாள் கொந்தளித்து 34 பேரைப் பலிகொண்ட அதே வாட்ஸ். அந்த ஊரின் பெயர் செய்தித்தாளில் வந்ததெல்லாம் தீயும் புகையுமாகத்தான். அந்த ஊர்ப் பிள்ளையே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனபோது எடுத்து வந்தது என்ன தெரியுமா? சமையலறைத் தரைக்கு மண்டிபோட்டு லினோலியம் ஒட்டுகிற ஒரு மனிதனை. ரயில் பாதை ஓரம் புழுதியில் கல்லெறிந்து விளையாடும் பையன்களை. நாய் முகமூடி மாட்டிக்கொண்டு, வேலியோரம் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் வேடிக்கை பார்க்கிற ஒரு சிறுமியை.

யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சினிமா படிப்பை முடிக்க அவர் கொடுத்த மாணவர் படம் இது. ஆமாம், புராஜெக்ட். பி.எட். முடிக்கும்போது நாம் சார்ட் பேப்பரில் படம் ஒட்டிக் கொடுப்போமே, அந்த மாதிரி. எழுத்து, இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, எடிட்டிங் ஐந்தும் அவரே. எழுபதுகளின் தொடக்கத்தில், வாரக் கடைசிகளில் கூப்பிட்டால் வரக்கூடிய அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் வைத்து 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார். மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் கீழே.

அவருடைய பிடிவாதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்தில் கல்லூரியில் சக மாணவர்கள் எடுத்த தொழிலாளர் படங்களுக்கெல்லாம் ஒரு வாய்ப்பாடு இருந்ததாம். தொழிலாளி கஷ்டப்படுவான், சங்கம் வைப்பான், ஜெயிப்பான். எனக்குத் தெரிந்த மனிதர்களின் கஷ்டம் இப்படித் தீர்வதில்லையே என்று பர்னெட்டுக்கு உறுத்தியிருக்கிறது. வேலை கிடைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றால், ஸ்டானுக்குத்தான் வேலை இருக்கிறதே! தினம் அந்த வேலைக்குப் போய்வருவதுதானே அவன் தூக்கத்தைத் தின்கிறது. இதற்கு என்ன கிளைமாக்ஸ் வைப்பது? வைக்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. கட்டுரைக்கு அவசியமில்லை, ஆனால் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பர்னெட் தன் ஆசிரியர்களில் பெயர் சொல்லி நன்றி பாராட்டுகிறவர் பேசில் ரைட் என்ற பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்குநர். எந்த பேசில் ரைட்? 1934இல் இலங்கைக்கு வந்து 'சாங் ஆஃப் சிலோன்' எடுத்தாரே, அவர்தான்! தேயிலைப் பிரசாரத்துக்காகக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தில், மலையேறும் யாத்ரீகர்களின் முகத்தையும் வலை வீசுகிறவர்களின் கையையும் அவ்வளவு நிதானமாகப் பார்த்த மனிதர். எடுக்கப்படுகிறவர்களை மதித்து எடுக்க வேண்டும் என்பதை அவரிடம் கற்றேன் என்கிறார் பர்னெட். சிலோன் மலைப்படியில் பழகிய கண் ஒன்று, நாற்பது வருஷம் கழித்து வாட்ஸ் தெருவில் திறந்திருக்கிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று, நள்ளிரவில் எழுந்து காபி போட்டுக் குடித்தேன்.

சரி, படத்துக்குத் திரும்புவோம். அதில் ஒரு கோப்பைக் காட்சி வருகிறது. ஸ்டான் தன் கூட்டாளியோடு மேஜையில் உட்கார்ந்து டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறான். கையில் சூடான கோப்பை. என்ன நினைத்தானோ, அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான். இந்தச் சூடு, ஒரு பெண்ணோடு நெருங்கி இருக்கும்போது அவள் நெற்றியில் படுகிற சூடு மாதிரி இல்லையா என்று கேட்கிறான். கூட்டாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மலேரியா காய்ச்சல்காரியோடெல்லாம் நமக்குச் சகவாசம் இல்லப்பா என்கிற தோரணையில் அடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஸ்டான் சிரிப்பதில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறான். எவ்வளவு பெரிய ஏக்கத்தை எவ்வளவு சின்னப் பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறார் பாருங்கள்! ஒரு மனிதனுக்குள் என்ன செத்துக்கொண்டிருக்கிறது, என்ன இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது ஒரே வாய் டீயில் தெரிந்துவிடுகிறது. அன்றிலிருந்து டம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் நான் டீ குடிப்பதில்லை. எங்கள் ஆபீஸ் டீக்கடைக்காரர் முதலில் பல்வலி என்றுதான் நினைத்தார்.

அப்புறம் அந்த நடனம். ஐயா, அந்த நடனம்!

ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் கருநிழலாக நிற்கிறார்கள். அவன் உடம்பில் சட்டையில்லை. டைனா வாஷிங்டன் பாடும் 'திஸ் பிட்டர் எர்த்' ஓடுகிறது. மெல்ல, மிக மெல்ல, நின்ற இடத்திலேயே சுற்றுகிறார்கள். கேமரா அசைவதில்லை. வெட்டு இல்லை. பாட்டு ஓட ஓட அவள் கை அவன் முதுகில் ஊர்கிறது, நெஞ்சுக்கு வருகிறது, அவனை இறுக்கிக்கொள்கிறது, முத்தமிடப் பார்க்கிறது. அவன் உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கிறது. பாட்டு முடிந்ததும் அவளை விலக்கிவிட்டு வெளியே போய்விடுகிறான். அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்டானாக நடித்த ஹென்றி ஜி. சாண்டர்ஸின் முகம் அதில் சரியாகத் தெரியவே தெரியாது. முதுகைக்கொண்டே நடித்திருக்கிறார். அவளாக நடித்தவர் கேசி மூர். படம் முழுக்க அந்தப் பாத்திரத்துக்குப் பெயரே இல்லை, 'ஸ்டானின் மனைவி' மட்டும்தான். இதில் எனக்கு பர்னெட்டோடு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. ஆனால் பெயரில்லாத அந்தப் பெண், பானை மூடியைக் கண்ணாடியாக்கி முகம் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு இடத்துக்காக மன்னித்துவிட்டேன்.

பிள்ளைகளைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை இன்று முடியாது. ஒரு மொட்டைமாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் பையன்கள் தாண்டுகிறார்கள், கேமரா கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறது. உங்கள் அடிவயிறு ஒருமுறை சுருங்கித்தான் திரும்பும். அவ்வளவு சொன்னால் போதும்.

இப்படிப்பட்ட படம் ஏன் நம் காதுக்கு வரவே இல்லை? காரணம் பாட்டு. பால் ராப்சன், லூயி ஆம்ஸ்ட்ராங், டைனா வாஷிங்டன், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் என்று தனக்குப் பிடித்த இசையையெல்லாம் பர்னெட் படத்தில் போட்டுவிட்டார். கறுப்பின இசையின் சரித்திரமே உள்ளே இருக்கிறது. கல்லூரிப் படம்தானே, நம் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டப்போகிறோம், தியேட்டருக்கா போகப்போகிறது என்று உரிமை எதையும் வாங்கவில்லை. 1978இல் பொதுவில் காட்டினார்கள். 1981இல் பெர்லின் விழாவில் விமர்சகர்கள் பரிசு கொடுத்தார்கள். 1990இல், தேசத்தின் சொத்து என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஆனால் தியேட்டரில் திரையிட முடியாது! பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். தேய்ந்துபோன 16 மில்லிமீட்டர் பிரதிகளாகக் கல்லூரிகளிலும் மியூசியங்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் யூசிஎல்ஏ ஆவணக் காப்பகம் படத்தைச் சீரமைத்து 35 மில்லிமீட்டருக்கு மாற்ற, மைல்ஸ்டோன் ஃபிலிம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2007இல் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. பாட்டு உரிமைக்கு மட்டும் செலவு 1,50,000 டாலர். படம் எடுத்த செலவைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேல்! அப்படியும் கடைசிக் காட்சியின் பாட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. முன்னால் நடனத்துக்கு வந்த பாட்டையே திரும்பப் போட்டு ஒப்பேற்றினார்கள். பர்னெட் முதலில் வைத்த டைனா வாஷிங்டனின் 'அன்ஃபர்கெட்டபிள்' 2025இல் வந்த புதிய பிரதியில்தான் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. என்னிடம் இருப்பது பழைய டிவிடி. உண்மையைச் சொல்லட்டுமா, ஒப்பேற்றியதே எனக்குப் பழகிவிட்டது. அதே கசந்த பாட்டு இரண்டாம் முறை வந்து, ஆடுகளை ஸ்டான் உள்ளே ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது. இயக்குநர் மன்னிக்கட்டும்.

இந்தக் கிறுக்கு பிடித்தபின் அந்த வட்டாரத்தையே தோண்ட ஆரம்பித்தேன். பர்னெட்டின் கல்லூரித் தோழர் பில்லி உட்பெர்ரி 1984இல் எடுத்த 'பிளஸ் தேர் லிட்டில் ஹார்ட்ஸ்' கிடைத்தது. எழுத்தும் ஒளிப்பதிவும் பர்னெட். இங்கே கணவனுக்கு வேலையே இல்லை. மனைவி நம் கேசி மூரேதான், இந்த முறை பெயரோடு. சமையலறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை ஒன்று வருகிறது. வெட்டே இல்லாமல் நீள்கிறது. நடிக்கிறார்கள் என்று நம்ப முடியாது. பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்ட கூச்சம் வந்து, சத்தத்தைக் குறைத்தே விட்டேன். வெளியே யாருக்காவது கேட்டால் எங்கள் வீட்டுச் சண்டை என்று நினைத்துக்கொள்வார்களே!

அங்கிருந்து கடல் தாண்டி செனகலுக்குப் போனேன். ஜிப்ரில் தியோப் மாம்பெட்டி எடுத்த 'சூரியனை விற்ற சிறுமி'. 45 நிமிஷம்தான். 1998இல் அவர் இறந்துபோனார், மறு வருஷம் படம் வெளிவந்தது. டக்கார் நகரத்தில் ஊன்றுகோலோடு நடக்கும் சிலி என்ற சிறுமி, பையன்கள் மட்டும் பேப்பர் விற்பதைப் பார்த்து, நானும் விற்பேன் என்று கிளம்புகிறாள். பையன்கள் விற்பது 'சூத்', அவள் கையில் 'சோலெய்', அதாவது சூரியன், அரசாங்கப் பத்திரிகை. மக்கள் பேப்பரை விற்க வேண்டியதுதானே என்றால், நான் இதை விற்றால் அரசாங்கம் மக்களுக்குக் கொஞ்சம் கிட்டே வருமே என்கிறாள்! ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். தோழன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். இதைப் பார்த்து அழவில்லை என்று சொல்பவரோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை.

இந்தப் படங்களை "ஸ்லோ" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஸ்லோவா? கோப்பைக் காட்சியில் கண்ணிமைத்தால் போயிற்று! மூன்று மணி நேரப் படங்களில் நான் பாதியில் போனை நோண்டிவிட்டுத் திரும்பினாலும் கதை எனக்காக அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. இங்கே பத்து நொடிக்குத் தலை குனிந்தால் ஒரு மனிதனின் வாழ்க்கையே கடந்து போய்விடும். இன்னொன்று, பர்னெட் படத்துப் பேச்சு எனக்குப் பாதி புரியவில்லை. வாட்ஸ் தெரு இங்கிலீஷ் நம் கான்வென்ட் இங்கிலீஷுக்குச் சிக்காது. ஆங்கில சப்டைட்டிலை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அதிலும் ஒரு ருசி இருந்தது. புது ஊருக்குப் போய் வழி கேட்டுக் கேட்டு நடக்கிற மாதிரி.

நாமக்கல்லுக்குத் திரும்பலாம். இஞ்சின் விழுந்தபின் சித்தப்பா தூங்கவே இல்லை. குதிரைப் பந்தயம் பார்க்க எல்லோரும் ஒரே காரில் அடைந்துகொண்டு கிளம்பி, பாதி வழியில் டயர் பஞ்சராகும் காட்சி வந்தது. ஸ்டெப்னி இல்லை. வெறும் ரிம்மிலேயே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். "ஸ்டெப்னி இல்லாம எவனாவது வண்டிய எடுப்பானா?" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து அவரே, தாழ்ந்த குரலில், "நாங்களும் எடுத்துருக்கறோம்" என்றார். எந்த வருஷம், யாரோடு, எங்கே போக என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

படத்தின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டானின் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மழை. சின்னப் பெண் அப்பாவிடம் கேட்கிறாள், மழை எப்படிப் பெய்கிறது என்று. பிசாசு தன் பெண்டாட்டியை அடிக்கிறது, அதனால்தான் என்கிறான் ஸ்டான். அமெரிக்கத் தெற்கில், வெயில் அடிக்கும்போதே மழையும் பெய்தால் அப்படிச் சொல்வது வழக்கம். பர்னெட்டின் குடும்பம் போலத் தெற்கிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு அந்தப் பேச்சையும் கொண்டுவந்திருக்கிறார்கள். மனைவி சிரிக்கிறாள். ஸ்டான் அவள் முழங்கால் மேல் கையை வைக்கிறான். அவ்வளவு நேரமும் அந்தக் கை எங்கே வரும் என்று ஏங்கிக் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று.

அதுவரை அடுக்களை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த சித்தி, படத்தைப் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. "என்ன சொல்றான் அவன்?" என்றார். சொன்னேன். நார் உரிப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"வெய்யில்ல மழை பேஞ்சா நம்ம ஊர்ல காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணமும்பாங்க. அங்க கல்யாணமே முடிஞ்சு அடிதடிக்கு வந்துட்டாங்களாட்டம்" என்று சொல்லிவிட்டு, முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சித்தப்பாவின் ஈசிச்சேர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, இதை முதல்ல இருந்து போடு" என்றார்.